மூத்தவன் முன்னால் நடந்த நாள்

எங்கள் ஊர்ச் சந்தை முனையில் பால்கெண்டை மீன் கஞ்சி விற்ற காங் ஆ-சுய்க்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெருமை இருந்தது. அதுவும் அவராகத் தேடிக்கொண்டதில்லை. தைவான் முழுக்கத் தேடப்பட்ட ஒரு தேசத் துரோகிக்கு அவர் தம்பி.

துரோகியின் பெயர் காங் கிங்-லாம். கரும்புக் கொல்லையில் தகப்பனோடு தோகை உரித்து வளர்ந்தவர், படிப்பில் கெட்டிக்காரராகி, உபகாரச் சம்பளத்தில் அமெரிக்கா போய், அங்கேயே பொருளாதாரப் பேராசிரியராகிவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'கரும்பு நட்டுக் கம்பெனித் தராசில் போடுகிறவன்தான் உலகத்திலேயே முதல் முட்டாள்' என்று எங்கள் பக்கம் ஒரு பழமொழி உண்டு. ஜப்பான்காரன் ஆலை வைத்து எடையில் ஏமாற்றிய காலத்தில் பிறந்தது. ஜப்பான்காரன் போனான், நம்முடைய சர்க்கார் வந்தது, தராசு மட்டும் போகவில்லை. எனவே பழமொழியும் போகவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகூடச் சொல்லும். கிங்-லாம் அதையே இங்கிலீஷில், அட்டவணையும் அடிக்குறிப்புமாக, நாற்பது பக்கத்துக்கு எழுதிவிட்டார். வாயால் சொன்னால் பழமொழி, அடிக்குறிப்போடு சொன்னால் அரசைக் கவிழ்க்கும் சதி என்ற நுட்பமான வித்தியாசம், அவ்வளவு படித்த மனிதருக்குத் தெரியாமல் போயிற்று. அவரிடமே படித்துக்கொண்டிருந்த நம் ஊர் மாணவர் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. உபகாரச் சம்பளம் போதாத அந்தப் பையன் பக்க எண்ணோடு மேலிடத்துக்கு எழுதிப்போட்டான்.

வழக்குப் பதிவானது. நேரில் வந்து ஆஜராகும்படி சம்மன் பிறந்தது. அதே வாரத்தில் அவருடைய பாஸ்போர்ட் ரத்தானது. வரவில்லை என்றால் அது ஒரு குற்றம். வர முயன்றால் அது இன்னொரு குற்றம். இரண்டில் எது வேண்டுமோ அவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இராணுவச் சட்டக் காலத்தில் இவ்வளவு சுதந்திரம் எல்லோருக்கும் கிடைக்காது.

அண்ணன் கைக்கு எட்டாததால் சர்க்கார் தம்பியை வைத்துச் சமாளித்துக்கொண்டது. கடைக்கு டெலிபோன் கேட்டு எழுதிய மனு ஒவ்வொரு வருஷமும் 'பரிசீலனையில்' இருந்தது. கடற்படைப் பள்ளிப் பரீட்சையில் தேறிய மகனுக்குத் திடீரென்று தட்டைப் பாதம் என்று டாக்டர் கண்டுபிடித்தார். ஆ-சுய் எதற்கும் முணுமுணுக்கவில்லை. விடியுமுன் மீன் வாங்கி வந்து, அதன் உடம்பெல்லாம் ஊசி ஊசியாக ஓடுகிற முள்ளை ஒவ்வொன்றாக உருவி, வயிற்றுக் கொழுப்பைத் தனியாக எடுத்து வைத்துக் கஞ்சி காய்ச்சுவார். அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் பொய் சொல்லத் தெரியாதது. "மீன் புதுசா?" என்று கேட்டால், "இன்னிக்கு நேத்து மீனுங்க" என்று சொல்லி வாடிக்கையை அடுத்த கஞ்சிக் கடைக்கு அனுப்பிவிடுவார். மனைவி ஆ-புவே தலையில் அடித்துக்கொள்வாள்.

மாதத்துக்கு ஒரு தடவை சரகப் போலீஸ்காரர் லியாவ் வருவார். ஆ-சுய்யோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். சைக்கிளைச் சாத்திவிட்டு, தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு, தொண்டையைக் கனைப்பார்.

"ஆ-சுய், அண்ணன் வந்தாரா?"

"வரலீங்க."

"கடுதாசி?"

"வந்தா முதல்ல உங்க கைக்குத்தானே வரும்?" இது ஆ-புவே, அடுப்படியிலிருந்து. "நீங்க படிச்சிட்டு நல்ல சேதி இருந்தாச் சொல்லுங்க. வாங்க, உக்காருங்க. மாசம் தவறாம இந்த வீட்டுக்கு வந்து போற சொந்தம்னா நீங்க ஒருத்தர்தான். எங்க நாத்தனாகூடப் புது வருஷத்துக்குத்தான் எட்டிப் பாக்கறா."

"இஞ்சி கொஞ்சம் தூக்கலாப் போடு தங்கச்சி. தொண்டை கட்டியிருக்கு."

"நாட்டைக் காக்கற தொண்டையாச்சே, போடாமயா?"

லியாவ் கஞ்சியைக் குடித்துவிட்டு, 'வரவில்லை' என்று எழுதி, கையெழுத்துக்குப் பதிலாக ஆ-சுய்யின் பெயர் முத்திரையைக் குத்திக்கொண்டு போவார். இப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடியது.

பிறகு அந்த அண்ணன் தம்பியின் தாயார் இறந்துபோனார். தேசத் துரோகம் என்றால் என்னவென்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கரும்புத் தராசைப் பற்றி எழுதினதற்கா என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், "மூத்தவன் கொடி பிடிச்சு முன்னால நடக்காம நான் மலையேற மாட்டேன்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். எங்கள் பக்கம் புதைக்கப் போவதை மலையேறுவது என்பார்கள். மலை கண்ணுக்கெட்டின தூரத்தில் இல்லை. உப்பளத்தைத் தாண்டி ஒரு மணல்மேடு, கொஞ்சம் சவுக்கு மரம், அவ்வளவுதான்.

தாய் செத்தால் முதல் சேதி தாய்மாமனுக்குப் போக வேண்டும். 'மேலே வானத்துச் சாமி, கீழே தாய்மாமன்' என்பது எங்கள் சட்டம். பெட்டி கிளம்பும் அன்றைக்கு மாமன் கையால் ஆணி இறங்கினால்தான் மூடி மூடினதாகக் கணக்கு. சர்க்காரிடம் தரைப்படை உண்டு, கடற்படை உண்டு, விமானம் உண்டு. அந்தச் சுத்தியல் மட்டும் கிடையாது. அது சிப்பி வளர்க்கிற கோ மாமாவிடம் இருந்தது.

கோ மாமா வந்தார். வாசலில் மண்டியிட்டிருந்த ஆ-சுய்யைப் பார்த்து, எழுந்திரு என்று சொல்லாமலே கேட்டார்.

"மூத்தவன் எங்க?"

"அமெரிக்காவுல, மாமா."

"அது எனக்குத் தெரியும்டா. மலையேறற அன்னிக்கு எங்க இருப்பான்?"

கேள்விக்கு மாமாவே பதிலும் சொன்னார்.

"முன்னால நடப்பான். நடக்கணும். நடக்கலேன்னு வை, நான் சுத்தியலைத் தொட மாட்டேன். எங்க அக்கா தாப்பாள் போடாத வீடு மாதிரி கெடக்கட்டும்."

"சரி மாமா."

அவர் கேட்டது ஒன்றும் நடக்காத காரியமில்லை. கடலில் இருக்கும் மாலுமிக்கும் பட்டாளத்தில் இருக்கும் சிப்பாய்க்கும் நாங்கள் காலங்காலமாகச் செய்வதுதான். வர முடியாத மகனுடைய அளவுக்குச் சணல் துணியில் துக்க அங்கி தைத்து, வைக்கோல் செருப்போடு ஒரு மூங்கில் கூடையில் மடித்து வைத்து, அவன் பிடிக்க வேண்டிய வெள்ளைத் துக்கக் கொடியை அதிலேயே செருகுவார்கள். ரத்த உறவில்லாத ஓர் அண்டை வீட்டுக்காரர் அந்தக் கூடையைப் பெட்டிக்கு முன்னால் தூக்கிப் போவார். கூடை போயிற்று என்று யாரும் சொல்வதில்லை. மகன் வந்தான் என்றுதான் சொல்வது.

ஆ-புவே துணியை வெட்டினாள். "உங்க அண்ணன் எவ்ளோ உயரம்?"

"என்னைவிட ஒரு தலை உசரம்."

"அமெரிக்காவுல மாட்டுக்கறி தின்னு இன்னும் வளந்திருந்தா?"

"அறுபது வயசு நெருங்குது, புவே."

"சரி, குனிஞ்சிருப்பார். ஒரு தலையே வெக்கறேன்."

செருப்பும் பெரிய அளவில் வாங்கினாள். சிக்கல் கூடையைத் தூக்குவதில் வந்தது. மாலுமியின் கூடையைத் தூக்கலாம். துரோகியின் கூடையை யார் தூக்குவார்? அந்த வாரம் எங்கள் தெருவில் இடுப்பு வலி ஒரு கொள்ளைநோயாகப் பரவியது. பக்கத்து வீட்டுத் தச்சருக்கு இடுப்பு. அரிசிக் கடைக்காரருக்கு இடுப்பு. அவர் தம்பிக்கு, இருபத்தைந்து வயது, மல்யுத்தம் பழகுகிறவன், இடுப்போடு முழங்காலும். ஆ-சுய் வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டு, எல்லோருக்கும் தைலம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

எதிரே ஊதுபத்திக் கடைக்காரருக்கு மட்டும் உடம்பு நன்றாக இருந்தது. அவரிடம் டெலிபோனும் இருந்தது. ஓர் அங்கி அதிகம், ஆ-சுய்க்குப் பொருந்தாத உயரம். ஒரு ஜோடிச் செருப்பு, ஆ-சுய்க்குப் பொருந்தாத நீளம். 'மூத்தவன் முன்னால நடப்பான்' என்று மாமா தெருவே கேட்கச் சொன்னது. எல்லாவற்றையும் வரிசையாக மேலிடத்துக்கு டெலிபோனில் சொன்னார். அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சேதி தைபேவுக்குப் போவதற்குள் அதிலிருந்த அங்கி ஆளாகிவிட்டால் அவர் என்ன செய்வார்?

தலைநகரத்திலிருந்து அதிகாரி துவான் வந்து இறங்கினார். முப்பது வருஷத்துக்கு முன் சீனப் பெருநிலத்திலிருந்து பட்டாளத்தோடு கப்பலேறி வந்தவர். எங்கள் பேச்சு அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது பதவிக்கு இழுக்கு. லியாவைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லாமல் விசாரித்தார். அந்தப் பேச்சை லியாவ் பின்னாளில், குடித்திருக்கும்போது மட்டும், நடித்துக் காட்டுவார்.

"ஐயா, அது ஆளுக்கு இல்லீங்க. கூடைக்கு."

"கூடைக்கு எதுக்குய்யா செருப்பு?"

"வழக்கம்ங்க."

"எந்தக் கூடையாவது செருப்புப் போட்டு நடந்து நீ பாத்திருக்கியா?"

"இல்லீங்க. ஆனா எங்க பக்கம்..."

"பன்னெண்டு வருஷமா 'வரலை, வரலை'ன்னே எழுதியிருக்கே. ஒரு தடவையாச்சும் வேற எதாவது எழுதினியா?"

"அவர் வரலீங்களே, ஐயா."

"அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

உண்மையைச் சொல்லிச் சந்தேகத்தை வாங்கிக்கொள்வதற்கு லியாவுக்குத் தரும் சம்பளம் போதாது.

மலையேறும் நாளன்று எங்கள் தெருவுக்குப் புது உறவினர்கள் நிறையப் பேர் வந்தார்கள். எல்லோர் காலிலும் ஒரே கடையில் வாங்கின தோல் செருப்பு; எல்லோர் கையிலும் அன்றைய பத்திரிகை. ஆ-புவே அழுது வீங்கின கண்ணோடு அவர்களில் ஒருவன் முன்னால் போய் நின்றாள்.

"துக்கத்துக்கு வந்தீங்களா தம்பி? எங்க மாமியாருக்கு என்ன வேணும்?"

"தூரத்து... சொந்தம்."

"எவ்ளோ தூரம்?"

"தைபே."

"ஐயோ பாவம், அவ்ளோ தூரத்திலேருந்தா! அப்ப இந்த மலர்வளையத்தைப் பிடிங்க. அந்தத் தம்பியும் சொந்தமா? வரச் சொல்லுங்க, ஊதுபத்திச் சட்டி தூக்க ஆளில்லை."

கோ மாமா சுத்தியலோடு வந்தார். ஆ-சுய் மண்டியிட்டு வரவேற்றார். உள்ளேயிருந்து கூடையைக் கொண்டுவந்து, தூக்க ஆளில்லாமல், பெட்டிக்கு முன்னால் தரையில் வைத்தார். அந்த நிமிஷத்தில் துவான் உள்ளே நுழைந்தார். இரண்டு பேர் துப்பாக்கியை நீட்டிப் பிடிக்க, மூன்றாமவன் கூடை மூடியைத் தூரத்திலிருந்து குச்சியால் திறந்தான். அங்கி அசையாமல் கிடந்தது. துவான் அதை விரித்து உயரம் பார்த்தார். கோப்பிலிருந்த உயரத்தோடு சரியாக இருந்தது. முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது.

"இது கைப்பற்றப்பட்டது," என்றார். லியாவ் மொழிபெயர்த்தார்.

கோ மாமா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டார். "மூத்தவனைக் கைது பண்ணிட்டாங்க. விட்டப்புறம் என்னைக் கூப்பிடு."

பூசாரி நல்ல நேரம் கழிகிறது என்று மணியை ஆட்டினார். ஊதுகுழல்காரர்கள் வாயிலிருந்து குழலை எடுத்துவிட்டார்கள். பெட்டி ஆணியில்லாமல் கூடத்தின் நடுவில் கிடந்தது. சித்திரை வெயில்.

துவானுக்கும் அவசரம்தான். பையிலிருந்து தயாராகத் தட்டச்சு செய்த ஒரு காகிதத்தை எடுத்தார். காங் கிங்-லாம் என்பவர் இக்குடும்பத்தின் மகன் அல்லர், இக்குடும்பத்துக்கும் அவருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. முத்திரை குத்தினால் போதும். பிறகு ஆ-சுய்தான் மூத்தவர். கொடியை அவரே பிடிக்கலாம், மாமாவும் ஆணி அடிக்கலாம், எல்லோரும் சாப்பாட்டு நேரத்துக்குள் வீடு திரும்பலாம். சர்க்கார் எவ்வளவு கரிசனத்தோடு யோசித்திருக்கிறது பாருங்கள்: ஒரு தாய்க்குப் பிறந்த வரிசையையே, அவர் புதைவதற்குள் திருத்திக் கொடுக்கத் தயாராக இருந்தது.

ஆ-சுய் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். படித்தார். நெற்றி வேர்வை அதன்மேல் சொட்டியது. வாழ்நாள் முழுக்கச் 'சரிங்க' சொன்ன மனிதர். தெருவே இந்தச் 'சரிங்க'வுக்கும் காத்திருந்தது.

"எனக்கு மேல ஒருத்தர் இருக்காருங்க," என்றார். காகிதத்தை மடித்துத் திருப்பி நீட்டினார்.

துவானின் ஆட்கள் அவர் தோளைப் பிடித்தார்கள். அப்போது ஆ-சுய், முள் உருவும்போது பேசுகிற அதே குரலில் சொன்னார்:

"அண்ணன் இங்க வர மாட்டார். நேரா மலைக்கு வர்றார்."

ஆ-புவே கையிலிருந்த ஊதுபத்திக் கட்டு கீழே விழுந்தது.

"கூடை முன்னால வர்றதைப் பாத்தாத்தான் வெளிய வருவார்," ஆ-சுய் தொடர்ந்தார். "காணலேன்னா ஏதோ தப்புன்னு புரிஞ்சுக்கிட்டுப் போயிடுவார். பெட்டியும் ஆணி அடிச்சு, ஒழுங்கா வரணும். கூடையை மட்டும் யாராவது தூக்கணும். எங்க தெருவுல எல்லாருக்கும் இடுப்பு வலி."

லியாவ் தன் பள்ளித் தோழன் முகத்தையே பார்த்தார். பன்னிரண்டு வருஷம் இந்த முகத்தின் முன்னால் கஞ்சி குடித்திருக்கிறார். ஒரு வார்த்தை தவறாமல் மொழிபெயர்த்தார். பிறகு தன் கணக்கில் இரண்டு வார்த்தை சேர்த்தார்: "ஐயா, இவனுக்குப் பொய் சொல்ல வராதுங்க. பழைய மீனைப் பழைய மீன்னு சொல்லி விக்கறவன். ஊர்ல யாரை வேணா கேளுங்க."

கேட்டார்கள். தச்சர் ஆமாம் என்றார். அரிசிக் கடைக்காரர் ஆமாம் என்றார். ஊதுபத்திக் கடைக்காரர்கூட, தொழிலில் எதிரியில்லையாதலால், ஆமாம் என்றார்.

துவான் கட்டளைகளை வரிசையாகப் பிறப்பித்தார். கூடையை லியாவ் தூக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆயுதத்தோடு ஒவ்வோர் ஆள். பின்னால் ஜீப். மலர்வளையம் பிடித்திருக்கும் சொந்தக்காரர்கள் அப்படியே பிடித்துக்கொண்டு வர வேண்டும். கூடை காவலுக்கு வருபவர்களை விட்டு மூன்றடிக்கு மேல் அகலக் கூடாது.

"என்னடா சொல்றான்?" என்றார் கோ மாமா.

"கூடையை சர்க்காரே தூக்குதாம் மாமா," என்றாள் ஆ-புவே. "தொணைக்கு ரெண்டு பேராம்."

கோ மாமா எழுந்தார். பெட்டியைச் சுற்றி வந்து நான்கு மூலையிலும் ஆணி இறக்கினார்.

எங்கள் ஊரில் எத்தனையோ பணக்கார வீட்டுச் சாவு போயிருக்கிறது. இரண்டு ஊதுகுழல் கோஷ்டி வைத்தவர்கள் உண்டு, வாடகைக்கு அழ ஆள் வைத்தவர்கள் உண்டு. ஒரு மகன் துப்பாக்கிக் காவலோடு தாயின் பெட்டிக்கு முன்னால் நடந்தது அன்றைக்குத்தான். இடுப்பு வலிக்காரர்கள் எல்லோரும் குணமாகித் தெருவுக்கு வந்து நின்றார்கள். சீருடையில் லியாவ் கூடையை மார்போடு அணைத்து நடந்தார். வெள்ளைக் கொடி அவர் தொப்பிக்கு மேலே படபடத்தது. சந்தை முனையில் பெண்கள் சொன்னது எனக்குக் கேட்டது: "மூத்தவர் வந்துட்டார். பாரு, மூத்தவர் வந்துட்டார்."

மணல்மேட்டில் சவுக்கு மரத்துக்கு ஒருவனாக ஆட்கள் ஒளிந்திருந்தார்கள். குழியை மூடினார்கள். பூசாரி தானியம் தூவி முடித்தார். கூடையைப் புதைமேட்டின் தலைமாட்டில் வைத்தார்கள். கோ மாமா வீட்டுக்குப் போனார். துவான் காத்திருந்தார். பொழுது சாய்ந்து, உப்பளத்துக் கொசு கிளம்பி, சவுக்கு மரங்கள் ஒவ்வொன்றாகத் தங்களைத் தாங்களே அறைந்துகொள்ளத் தொடங்கின.

"எங்கே அவன்?" என்று கத்தினார் துவான்.

ஆ-சுய் இன்னும் மண்டியிட்டிருந்தார். "வந்துட்டாருங்களே," என்றார். "நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க."

லியாவ் தொப்பியைக் கழற்றி, மணலைத் தட்டி, திரும்பப் போட்டுக்கொண்டு, பிறகு மொழிபெயர்த்தார்.

துவானுக்கு இப்போது ஒரு சங்கடம். இத்தனை ஆட்களும் ஒரு ஜீப்பும் சேர்ந்து ஒரு சணல் அங்கிக்குக் காவலிருந்து அதன் தாயை அடக்கம் செய்து வைத்ததாக மேலிடத்துக்கு எழுத முடியுமா? எழுதவில்லை. அவர் எழுதினது இது: குற்றவாளி மீன்பிடிப் படகில் இரகசியமாகக் கரையேறினார். துக்க அங்கியணிந்து, கொடியேந்தி, தாயின் சவப்பெட்டிக்கு முன்னால் நடந்தார். அடக்கம் முடிந்ததும் உள்ளூர்ப் போலீஸின் கவனக்குறைவால் தப்பினார். லியாவைக் கலங்கரை விளக்கமும் ஆடுகளும் மட்டும் உள்ள ஒரு தீவுக்கு மாற்றினார்கள். கிங்-லாம் அன்றைய தேதியில் கான்ஸாஸில் ஒரு வகுப்பு நிறைய மாணவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர்களை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. சம்மனுக்கு வராத குற்றத்தோடு அனுமதியின்றி வந்த குற்றமும் அவர்மேல் சேர்ந்தது. இரண்டும் ஒரே குற்றப்பத்திரிகையில், ஒன்றையொன்று இடிக்காமல், அடுத்தடுத்து இருந்தன.

அண்ணனுக்கு அடைக்கலம் கொடுத்ததாக ஆ-சுய்மேல் வழக்கு. ஒப்புக்கொள்கிறீரா என்று கேட்டார்கள். ஒப்புக்கொண்டார். முத்திரையைத் தானே மையில் தொட்டு, கோணாமல், அழுத்திக் குத்தினாராம். ஒன்றரை வருஷம் கிடைத்தது.

முதல் சந்திப்பு நாளில் ஆ-புவே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டெலிபோனை எடுத்தாள். கடைக்குக் கேட்டுக் கிடைக்காத டெலிபோன், ஜெயிலில் மனுப் போடாமலே கிடைத்தது.

"அண்ணன் வரலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களாம். வக்கீல் சொல்றார்."

"ஆமா."

"பன்னெண்டு வருஷமா சொன்னதுதானே. இன்னொரு தடவை சொல்ல வாய் வலிச்சுதா?"

"படிச்சுக் காட்டினாங்க, புவே. 'மூத்த மகன் கொடியேந்தி, தாயின் பெட்டிக்கு முன்னால் நடந்தான்'னு இருந்தது. சர்க்காரே எழுதியிருக்கு. அதைப் போய் நான் இல்லேன்னு சொல்லவா?"

ஆ-புவே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமா கேட்டார்."

"என்னன்னு?"

"மூத்தவன் பத்திரமாத் திரும்பிப் போய்ச் சேந்தானான்னு."

"நீ என்ன சொன்னே?"

"தப்பிச்சிட்டார் மாமா, பேப்பர்லயே போட்டிருக்குன்னு சொன்னேன்."

ஆ-சுய் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பேச்சை எழுதிக்கொண்டிருந்த காவலர், இந்த இடத்தில் என்ன எழுதுவது என்று விளங்காமல், பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.